முடி பரட்டையாவது ஏன்? தாமிரபரணித் தண்ணீரும் ராதாபுரத்துக் காற்றும்

அம்பாசமுத்திரத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி ராதாபுரம் பக்கம் வந்திருக்கும் ஒரு பெண்ணின் கேள்வி இது: “ஊரில் இருந்தவரை முடி அடங்கிக் கிடந்தது. இங்கே வந்த பிறகு தலை முழுக்கப் பிசிறு பறக்கிறது. எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் மதியத்துக்குள் பரட்டையாகிவிடுகிறது. பிள்ளை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. நெற்றியோரம் குட்டை முடிகள் நட்டுக்கொண்டு நிற்கின்றன. ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் பார்லரில் முடியை நேராக்கும் கெரட்டின் சிகிச்சை செய்துகொள்ளலாமா? தண்ணீர் மாறினால் அப்படித்தான் இருக்கும் என்கிறார் என் அத்தை. அது உண்மையா?”

உங்கள் அத்தை சொல்வதில் பெரும்பகுதி உண்மை. உங்களுக்குத் தண்ணீர் மாறியிருக்கிறது, காற்று மாறியிருக்கிறது, பிள்ளைப்பேற்றால் உடம்பும் மாறியிருக்கிறது. மூன்றும் ஒரே தலையில் வந்து சேர்ந்திருக்கின்றன. எது எதனால் என்று பிரித்துப் பார்க்காமல் பார்லருக்குப் போனால் பணம்தான் செலவாகும். சில மாதங்களில் பரட்டை திரும்பி வந்துவிடும். வேதியியல் படித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் வெகுகாலமாகப் பெண்களின் தலைமுடியோடு புழங்குகிறவள் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சீப்பில் வந்த நீள முடி ஒன்றை எடுங்கள். வேர்ப்பக்கத்தை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே நுனியை நோக்கி மெதுவாக உருவுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். இப்போது நுனியைப் பிடித்துக்கொண்டு வேரை நோக்கி உருவுங்கள். சொரசொரவென்று விரலில் தடைபடும். உவரியில் வாங்கிய மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், திருப்பித் தடவினால் செதில் குத்தும் அல்லவா, முடியின் மேல்புறமும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத செதில்கள் நுனி பார்த்து ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அவற்றின் மேல் பிறவியிலேயே அமைந்த மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. அது இருக்கும்வரை முடி தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. பக்கத்து முடியோடு உரசாமல் வழுக்கிப் படுக்கும்.

செதிலுக்கு உள்ளே இருப்பவை கெரட்டின் என்னும் புரத இழைகள். இந்த இழைகளைப் பிணைத்து வைத்திருப்பவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்புகள் மிக இளகியவை. தண்ணீர் பட்டால் அவிழும், காய்ந்தால் மறுபடி மாட்டிக்கொள்ளும். இரவில் ஈரத்தோடு பின்னிக்கொண்டு படுத்தால் காலையில் முடி நெளிநெளியாக இருப்பதும், மின்சாரச் சீப்பால் நேராக்கிய முடி குற்றாலச் சாரலில் கால்மணி நேரம் நின்றதும் சுருண்டுகொள்வதும் இதனால்தான். மேல்படலம் தேய்ந்து செதில் தூக்கிக்கொண்ட முடி, காற்றில் இருக்கும் ஈரத்தையே குடிக்கத் தொடங்குகிறது. ஒரே சீராகக் குடித்தாலும் பரவாயில்லை. ஒரு பக்கம் அதிகம் வீங்கும், ஒரு பக்கம் குறைவாக வீங்கும். ஒவ்வொரு முடியும் தன்போக்கில் வளைந்து கூட்டத்தைவிட்டு விலகும். நீங்கள் பிசிறு என்று சொல்வது இதைத்தான். முழுக்க நனைந்த முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம்வரை தண்ணீரை உறிஞ்சும். காற்றின் ஈரத்துக்கு அது அவ்வளவு துல்லியமாக இசைவதால், 1783இல் சுவிட்சர்லாந்து அறிஞர் சொஸ்யூர் மனித முடியை வைத்தே ஈரமானி ஒன்றைச் செய்தார். ஈரம் ஏறினால் முடி நீளும், இறங்கினால் சுருங்கும். அந்த அசைவு முள்ளை நகர்த்தும்.

ஆக, பரட்டை என்பது பெரும்பாலும் மேல்படலம் போன முடிக்கும் காற்றின் ஈரத்துக்கும் இடையிலான விவகாரம். படலம் எப்படிப் போனது என்று கேட்டால்தான் உங்கள் கதைக்கு வருவோம்.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, பாறைகளின் மேல் வேகமாக இறங்கி, பாபநாசம் தாண்டியதும் அம்பாசமுத்திரத்தைத் தொட்டுவிடுகிறது. கரைத்துக்கொண்டு வருவதற்குச் சுண்ணாம்புச்சத்து அந்தப் பாதையில் அதிகம் இல்லை. அதனால் அது மென்னீர். சீயக்காயோ ஷாம்போ கொஞ்சம் போட்டாலே நுரைக்கும், இரண்டு செம்பு ஊற்றினாலே சுத்தமாகப் போய்விடும். ராதாபுரம், வள்ளியூர், நாங்குநேரிப் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் வேறு சங்கதி. நிலத்தடியில் பலகாலம் தேங்கி, கால்சியமும் மக்னீசியமும் ஏறி, கடலோரமானால் உப்பும் கலந்து வருகிறது. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 600வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருக்கிறதா? குழாய் முனையில் உப்புப் பூத்திருக்கிறதா? குளியல் சோப்பு நுரைக்காமல் தயிர் திரிந்தாற்போல் திரிகிறதா? அப்படியானால் அதே பொருக்குத்தான் உங்கள் முடியிலும் படிகிறது.

முடியின் மேற்பரப்பு இயல்பில் எதிர்மின்சுமை கொண்டது. கால்சியமும் மக்னீசியமும் நேர்மின்சுமை கொண்டவை. ஆகவே இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, பல குளியலுக்குப் படிந்துகொண்டே போகின்றன. சோப்புக் கட்டியால் தலை தேய்த்தால் இன்னும் மோசம். சோப்பு இந்த உப்புகளோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிச் செதிலுக்குச் செதில் அமர்ந்துகொள்ளும். போதாததற்குச் சோப்பின் காரத்தன்மை, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவில் 9, 10 என்று இருக்கும், தலைத்தோலோ 5.5 அளவில் இருக்க விரும்புவது. காரம் பட்டால் செதில் தூக்கிக்கொள்ளும். சீயக்காய் சோப்பு என்ற பெயரில் வரும் கட்டிகளும் அடிப்படையில் சோப்புதான் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது காற்று. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வருகிற தென்மேற்குப் பருவக்காற்று, மழையை மலைக்கு அந்தப் பக்கமும் குற்றாலத்திலும் கொட்டிவிட்டு, மிச்சக் காற்றாக நம் சமவெளியில் இறங்குகிறது. பணகுடி, ராதாபுரம், கயத்தாறு என்று காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அதற்குச் சாட்சி. வைகாசியில் தொடங்கி ஆவணி கடந்தும் அடிக்கும் அந்தக் காற்றில் முடியை விரித்துப்போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போனால், ஒரு மணி நேரத்தில் முடியோடு முடி உரசி நடக்கும் தேய்மானம் கொஞ்சமல்ல. தேரிக்காட்டுச் செம்மணல் துகளும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். அம்பாசமுத்திரத்தில் வயலும் வாய்க்காலும் மலையும் சூழ்ந்திருக்க வளர்ந்த தலை இதற்குப் பழக்கப்படவில்லை. உங்கள் முடியில் பிறவிக் குறை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பரட்டை என்று என்னிடம் வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு இருப்பது சுருட்டை அல்லது நெளிமுடி. அது அவர்களுக்கே தெரிவதில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து எண்ணெய் வழித்து இரட்டைச் சடை போட்டு இழுத்துக் கட்டியதால் தங்கள் முடியின் உண்மையான உருவத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. காய்ந்த சுருட்டை முடியை நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரினால் ஒவ்வொரு சுருளும் பிரிந்து பஞ்சாய்ப் பறக்கும். தலையில் ஊறும் இயற்கை எண்ணெயும் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை என்பதால் சுருட்டை முடி பிறவியிலேயே வறட்சிப் பக்கம் சாய்ந்தது. ஒரு நாள் தலை குளித்து, கண்டிஷனர் போட்டு, அது இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் சிக்கெடுத்து, அலசிவிட்டு, பிறகு சீப்பே படாமல் தானாகக் காயவிட்டுப் பாருங்கள். நெளிவும் சுருளும் கற்றை கற்றையாகத் தெரிந்தால் உங்களுடையது அந்த வகை. அப்புறம் காய்ந்த தலையை வாருவதை விட்டுவிட்டு, இப்படிக் கண்டிஷனர் இருக்கும் ஈரத்தில் மட்டும் வாருங்கள். இது ஒன்றிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்த பெண்களை எனக்குத் தெரியும். சுருட்டையை நோய் மாதிரிப் பேசி, சின்னப் பிள்ளைகளை அதற்காகக் கேலி செய்யும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

இப்போது செய்யவேண்டியதற்கு வருகிறேன். தலை குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தடவுங்கள். 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. முடிக்குள் புகுந்து, குளிக்கும்போது முடி அளவுக்கு மீறி ஊறி வீங்குவதைத் தடுக்கிறது. ஆகவே எண்ணெய்க்கு உரிய நேரம் குளிப்பதற்கு முன்பு. பரட்டையான பிறகு மதியத்தில் மேலே பூசும் எண்ணெய் பிசுக்கையும் தூசியையும் சேர்த்துக்கொள்ளத்தான் உதவும். நல்லெண்ணெய் பழக்கமானால் அதுவும் தவறில்லை. விளக்கெண்ணெயை மட்டும் தனியாக வைக்காதீர்கள். அதன் பசைக்கு நீள முடி சிக்குப் பிடித்துக்கொள்ளும்.

தேய்ப்பதற்குச் சீயக்காய் என்றால், அரைத்த பொடியை வடிகஞ்சியில் குழைத்து, துணியில் வடிகட்டிய பிறகு பயன்படுத்துங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கஞ்சியில் குழைத்ததற்குக் காரணம் இருக்கிறது: அரிசி மாவுச்சத்து முடியின்மேல் மெல்லிய பூச்சாகி உராய்வைக் குறைக்கும், சீயக்காயின் முரட்டுத்தனத்தையும் தணிக்கும். வடிகட்டாமல் தேய்த்தால் பொடியின் திப்பி செதிலைச் சுரண்டும். சீயக்காயின் நுரை சாபோனின் என்னும் பொருளால் வருவது. உப்புத்தண்ணீரிலும் அது சோப்பைப்போலத் திரிந்து படிவதில்லை. செம்பருத்தி இலையையும் ஊறவைத்த வெந்தயத்தையும் அரைத்துச் சேர்க்கலாம். இரண்டின் கொழகொழப்பும் முடிக்கு வழுவழுப்புத் தரும். ஷாம்புதான் வசதி என்றால் அதில் குற்றமில்லை. தலைத்தோலில் மட்டும் தேயுங்கள். வழியும் நுரையே நீளத்துக்குப் போதும். வாரம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். கண்டிஷனரைக் கண்டிப்பாகப் போடுங்கள். அதிலுள்ள நேர்மின்சுமை கொண்ட பொருள்கள், தேய்ந்து எதிர்மின்சுமை கூடிய இடங்களாகப் பார்த்து ஒட்டிக்கொண்டு, போன படலத்துக்குப் பதிலாக வேலை செய்கின்றன. சிலிக்கோன் கலந்ததா என்று பயப்பட வேண்டாம். காற்றும் ஈரமும் மாறி மாறி வரும் நம் பக்கத்துக்கு அந்தப் பூச்சு நல்லதே செய்கிறது.

கடைசி அலசல்தான் உங்கள் விஷயத்தில் எல்லாவற்றிலும் முக்கியம். போர்த் தண்ணீரில் குளித்தாலும் கடைசி இரண்டு செம்பு நல்ல தண்ணீராக இருக்கட்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தாமிரபரணித் தண்ணீர் உங்கள் தெருக்குழாயில் வருமானால் ஒரு வாளி பிடித்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விழும் மழைத்தண்ணீரைவிடச் சிறந்தது இல்லை. முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்ததும் மேலாக இறுத்துக்கொள்ளலாம். கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். வாரம் ஒரு முறை, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து முடியில் ஊற்றி, ஓரிரு நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். அமிலம் படிந்த உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், தூக்கிய செதிலையும் படியவைக்கும். எலுமிச்சைச் சாறு நேரடியாக வேண்டாம், அது முரடு.

குளித்து வந்ததும் பலரும் செய்கிற ஒரு காரியம் எனக்குப் பதைபதைப்பைத் தரும். தேங்காய்ப்பூத் துண்டால் முடியைக் கசக்கித் தேய்ப்பது, பிறகு குனிந்து நின்று துண்டின் முனையால் படபடவென்று தட்டுவது. ஈர முடி ஊறி, செதில் விரிந்து, மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம் அது. பழைய ஈரிழைத் துண்டை எடுங்கள். முடியைக் கற்றை கற்றையாகப் பிடித்து, துண்டுக்குள் வைத்து மேலிருந்து கீழாக அழுத்தி, தண்ணீர் துண்டுக்குள் இறங்கும்வரை பிடித்திருங்கள். முறுக்க வேண்டாம், உரச வேண்டாம். பாதி காய்ந்ததும் இரண்டு மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, கை பளபளக்கும் அளவுக்கு மட்டும், முடியின் மேல்புறத்தில் தடவிவிட்டுத் தளர்வாகப் பின்னுங்கள். காற்றுக்காலத்தில் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் பின்னலோடுதான் போகவேண்டும். மேலே மெல்லிய துணி ஒன்றும் கட்டிக்கொள்ளுங்கள். தலையணைக்குப் பழம்பட்டுப் புடவைத் துண்டு ஒன்றை உறையாகத் தைத்துப் போட்டால் இரவு உரசலும் குறையும்.

நுனியைப் பற்றி ஒரு வார்த்தை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. இடுப்பைத் தொடும் சடையின் நுனி ஐந்தாறு வருடப் பழசு. எத்தனை வெயில், எத்தனை சீப்பு பார்த்திருக்கும். பிளந்த நுனியை ஒட்டவைக்கும் மருந்து உலகில் கிடையாது. இரண்டு அங்குலம் வெட்டிவிடுங்கள்.

கெரட்டின் விஷயத்துக்கு வருவோம். பெயரைக் கேட்டு முடிக்குப் புரத உணவு ஊட்டுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். பல கரைசல்களில் முடியை நேராக்கும் வேலையைச் செய்வது ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் பொருள்கள்தான். சூடான கருவி படும்போது எழும் ஆவியில் கண் எரியும், தொண்டை கமறும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று எழுதிய சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும். அப்படிப்பட்ட கிரீமால் முடியை நேராக்கிய ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024இல் மருத்துவ இதழ் ஒன்றில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நீங்கள் இப்போது அந்தப் பக்கமே போக வேண்டாம். என் தொழிலுக்கு வருமானம் தருகிற சிகிச்சை என்றாலும் இதைத்தான் சொல்வேன். ரீபாண்டிங் இன்னும் கடுமையானது: முடியின் கந்தகப் பிணைப்புகளையே உடைத்து நேராகத் திரும்பக் கட்டுகிறார்கள். புதிதாக வளர்வது பழைய முடியாகவே வளரும் என்பதால், ஆறு மாதத்தில் மேலே நெளிவும் கீழே கோரையுமாக இரண்டு விதமாகிவிடும்.

நெற்றியோரக் குட்டை முடிகளைப் பரட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிள்ளை பெற்ற மூன்று நான்கு மாதங்களில் முடி கொத்தாகக் கொட்டியிருக்குமே? கர்ப்பகாலத்தில் உதிராமல் தங்கியிருந்தவை அவை. கொட்டிய இடத்தில் முளைத்து வருகிற புதுமுடிதான் இப்போது நட்டுக்கொண்டு நிற்கிறது. நல்ல செய்திதான். அவற்றை இழுத்து வாரிக் கிளிப் குத்தினால் முறிந்துபோகும். கொஞ்சம் கற்றாழைச் சோற்றை விரலில் தொட்டுப் படியவைத்தால் போதும்.

ஆனால் ஒன்று. முடி வறண்டு முரடாவதோடு சோர்வு, உடல் எடை ஏறுவது, மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாம் சேர்ந்திருந்தால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் அது வருவதுண்டு. மூச்சு வாங்குதல், முகம் வெளுத்தல் இருந்தால் ரத்தசோகைக்கும் ஒரு பரிசோதனை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். பால் கொடுக்கும் காலத்தில் முட்டை, மீன், பயறு, முருங்கைக்கீரை இல்லாமல் தலைக்கு மேலே எதைப் பூசினாலும் வேரிலிருந்து வருகிற முடி நன்றாக வராது.

ஆவணிக்குள் சரியாகுமா என்றால், படிந்த உப்பு நீங்கி முடி மெதுமையாவதை ஒன்றரை மாதத்திலேயே கையில் உணர்வீர்கள். குட்டை முடிகள் மட்டும் இன்னும் குட்டையாகத்தான் இருக்கும். கல்யாணத்தன்று காலையில் தலைக்குக் குளிக்காதீர்கள். அன்று குளித்த முடி ஒப்பனையில் நிற்காது, ஆவணிக் காற்றில் முதலில் பறப்பதும் அதுதான். முந்தைய நாள் மதியம் குளித்து, கண்டிஷனர் போட்டு, முக்கால்வாசி காய்ந்ததும் தளர்வாக இரண்டு பின்னல் போட்டுத் தூங்குங்கள். காலையில் பிரித்து, விரலால் மட்டும் கோதிவிட்டுச் சடை பின்னச் சொல்லுங்கள். முன்பக்கத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய், பிறகு பிச்சிப்பூ. ஒப்பனை செய்கிறவர் மின்சாரச் சீப்பை எடுத்தால், முடியில் துளி ஈரமும் இல்லை என்று தொட்டுப் பார்த்த பிறகே அனுமதியுங்கள். ஈர முடியில் அந்தச் சூடு பட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கொப்புளம் கட்டி, முடி அந்த இடத்திலேயே ஒடிந்துவிடும்.